நீ பார்க்கும்போது மட்டும் அழுகிற பிள்ளை

நோர்வூட்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் துஷாந்துக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், உன் மகனும் சுகம். கட்டார் வெயிலில் நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். போனில் பிள்ளையின் சத்தத்தில் என் பேச்சு உனக்குக் கேட்பதில்லை, அதனால் கடிதமாக எழுதி, அதைப் படம் எடுத்து அனுப்பும்படி மருமகள் வினோதாவிடம் சொல்லியிருக்கிறேன். பிள்ளை பாலைக் கக்கி முதுகை வளைத்து அழுவதைப் போனில் பார்த்து, வேலையை விட்டுட்டு வந்துர்றேன் என்று நீ சொன்னதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒனக்குப் பால் குடுக்கத் தெரியலையா என்று வேறு கேட்டாயாம்.

அதனால் நேற்று நானும் அவளோடு கிளினிக்குக்குப் போனேன். கைப்பிள்ளை எங்கே எரிகிறது என்று சொல்லாது, அதன் வேதனையைத் தாயிடம் கேட்டுக் கேட்டுத்தான் அளக்க வேண்டும் என்றார் டொக்டர் அம்மா. கக்குவது ஒரு கரண்டி அளவா, சட்டை நனையவா, பால் வேண்டாமென்று முகத்தைத் திருப்புகிறானா, மூச்சு நிற்கிறதா, நீலம் பாரிக்கிறதா என்றெல்லாம் கேட்டார். கொஞ்சமாத்தாங்க கக்குறான், மத்ததெல்லாம் இல்லீங்க என்றாள் உன் மனைவி. நிறையும் நன்றாகக் கூடியிருக்கிறது. அப்ப எப்பதாம்மா அழுவுறான் என்று கேட்டதும் அவள் யோசித்து, அவங்க அப்பா வீடியோ கோல் எடுக்கையிலதாங்க என்றாள். டொக்டர் அம்மா சிரித்துவிட்டார். எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. நம் லயத்து வீட்டில் சிக்னல் கிடைப்பது ஜன்னலோர மேசையில் மட்டும்தானே. நீ பேசும்போது பசியில் அழக்கூடாது என்று வயிறு முட்டப் பால் கொடுத்து, உடனே அந்த மேசையில் மல்லாக்கப் போட்டு முகத்துக்கு நேரே போனைப் பிடிக்கிறோம். குடித்த பால் மேலே ஏறுகிறது, தொண்டை எரிகிறது, அவன் கத்துகிறான், நீ பயப்படுகிறாய். மற்ற நேரங்களில் கக்கிவிட்டுச் சிரிக்கிறான். இவுங்க அப்பன் என் சேலைய நாசம் பண்ணுனதுக்கு இது ஒண்ணுமே இல்ல என்கிறாள் உன் அம்மா.

மருந்து தேவையில்லையாம். பால் குடித்ததும் அரை மணி நேரம் தோளில் நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும், தூங்க மட்டும் மல்லாக்கப் போட வேண்டும். பச்சையாகவோ இரத்தமாகவோ கக்கினால் உடனே கொண்டுவரச் சொன்னார். அதை நாங்கள் கவனித்துக்கொள்கிறோம். நீ வேலையை விடாதே. வினோதாவிடம் நாலு வார்த்தை நல்லபடியாகப் பேசு, அதை மறந்துவிடாதே. பிள்ளையின் முகம் பார்க்க ஆசையென்றால் பால் குடிக்கும் முன் எடு. பிந்தினால் அவன் என் தோளில் இருப்பான், உனக்குப் பின்மண்டை மட்டும்தான் தெரியும். அழாத பின்மண்டை, பார்த்துச் சந்தோஷப்படு.

முத்துமாரி உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும்.

உன் அப்பா,
நல்லமுத்து