இடப்பக்கம் எட்டு டக்

பெரியவளின் அப்பாவுக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா? நான் சுகம், இடுப்பு மட்டும் பிடித்திருக்கிறது.

நான் சமைக்கிற மணல்மேட்டுச் சவாரிக் கம்பெனியில் திங்கட்கிழமை ஒரு ஜீப் மேட்டில் சாய்ந்துவிட்டது. பாத்திரங்களோடு நானும் உள்ளே இருந்தேன், பயப்பட ஒன்றுமில்லை. மெக்கானிக் பழியை டிரைவர் தலையில் கட்டினான். முதலாளியும் அந்தப் பிள்ளைகுட்டிக்காரனை வேலையை விட்டு அனுப்பப் போனார். நான் மெக்கானிக்கை மறித்துக் கேட்டேன்.

"ஏன்யா, மணலுக்குத் தோதா ஷாக் அப்சார்பர் திருகை இடப்பக்கம் தளர்த்தினியே, எட்டுத் தடவ டக்குனு கேட்டுச்சு. அதுக்குள்ள டீ வந்துச்சு, போயிட்டே. வலப்பக்கம் தொடவே இல்ல. ஒரு பக்கம் மட்டும் தளர்ந்தா வண்டி சாயாதா? வெங்காயம் உரிச்சுக்கிட்டே எண்ணினேன்."

"கரண்டி பிடிக்கிற கிழவிக்கு ஷாக் அப்சார்பர் தெரியுமா?"

"எண்ணத் தெரியும்டா!"

முதலாளி குனிந்து இரண்டையும் இறுக்கிப் பார்த்தார். இடப்பக்கம் எட்டு டக், வலப்பக்கம் அசையவில்லை. டிரைவர் பிழைத்தான்.

அந்நிய மனுஷன் குனிந்து பார்த்தார். காணாமல் போன என் கம்மல் உங்கள் தங்கை பெட்டியில் இருக்கிறது என்று நான் சொன்னபோது நீங்கள் மூடியைக்கூடத் தூக்கவில்லை. முப்பத்தோரு வருஷம் ஆகிறது.

இடுப்புக்குத் தைலம் அனுப்புங்கள். கூடவே இரண்டு வரி, திட்டியாவது எழுதுங்கள். ஜீப் ஹாரன் அடிக்கிறது.

உங்கள் வீட்டுக்காரி