துணைத் தொகுப்பாளர்

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். கூடப்பிறந்தவன் இல்லை, பக்கத்து நாற்காலிக்காரன். நீ வேலையை விட்டு உன் அக்கா ஊருக்குப் போன நாளிலிருந்து போன் போட்டுப் பார்க்கிறேன், எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

அக்கா வீட்டில் எல்லாரும் சௌக்கியமா? கிளம்பும்போது உன் தொண்டை கரகரவென்று இருந்ததே, சரியாகிவிட்டதா? இங்கே நானும் சௌக்கியம் என்று எழுதப் பேனா ஓட மாட்டேன் என்கிறது. சாப்பிடுகிறேன், காலையில் போய் கேமரா முன்னால் உட்கார்ந்து நாட்டுக்கே வணக்கம் சொல்கிறேன். ஆனால் ஓரிடத்தில் கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல உட்கார முடியவில்லை. இந்தக் கடிதத்தைச் சமையலறையில் ஆரம்பித்தேன், பால்கனிக்குப் போனேன், இப்போது மாடிப்படியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நம் நிலையத்தின் சம்பளப் பட்டியல் வெளியே வந்ததிலிருந்து இப்படித்தான். மக்கள் வரிப்பணத்தில் நடக்கிற தொலைக்காட்சி, பெரிய சம்பளம் யார் யாருக்குப் போகிறது என்று மக்களுக்குத் தெரிய வேண்டும் என்றார்கள். நியாயம்தான், நம் நிகழ்ச்சியிலேயே அதைப் பேசினோம். ஒளிவுமறைவு எதற்கு என்று அமைச்சரை மடக்கியதே நீதான். பட்டியலில் என் பெயர் மேலே இருந்தது. உன் பெயரைத் தேடினேன், இல்லை. அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, அந்தப் பட்டியலில் இடம் பிடிக்கிற அளவுக்கு உனக்கு அவர்கள் கொடுக்கவே இல்லை என்று. எனக்கு வருவதில் பாதிகூட உனக்கு வரவில்லை என்று நீ சொன்னபோது பேந்தப் பேந்த விழித்தேன். சத்தியமாக எனக்குத் தெரியாது. சம்பளத்தைப் பற்றிப் பேசுவது அநாகரிகம் என்று வளர்ந்தவர்கள் நாம் இரண்டு பேரும். அந்த நாகரிகத்தால் யாருக்கு லாபம் என்று இப்போதுதான் புரிகிறது.

தெருவில் தலைகாட்ட முடியவில்லை. சலூன்காரர் முடியை வெட்டிவிட்டு, உங்ககிட்ட எவ்வளவு வாங்கறதுன்னே தெரியலயே சார் என்று சிரிக்கிறார். கீழ்வீட்டுப் பென்ஷன்காரர் வழிமறித்து, காலையில வந்து வணக்கம் சொல்றதுக்கா சார் இவ்வளவு என்று கேட்டார். அதே மனுஷர் உன்னைப் பற்றியும் சொன்னார், அந்தம்மா வாங்கறதே நமக்கெல்லாம் கனவு, இன்னும் வேணுமாமே என்று. எனக்கு அதிகம் கொடுக்கிறார்கள் என்று நிலையத்தைத் திட்டுகிறவர்கள், உனக்குப் பேராசை என்று உன்னைத் திட்டுகிறார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் படியேறி வந்துவிட்டேன்.

நிர்வாக அதிகாரியிடம் மட்டும் சண்டைக்குப் போனேன். ஒரே மேஜை, ஒரே நேரம், ஒரே நிகழ்ச்சி, எப்படி இந்த வித்தியாசம் என்று கேட்டேன். அவர் சாவகாசமாக உன் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார். என்னுடையதில் தொகுப்பாளர் என்று இருக்கிறது, உன்னுடையதில் துணைத் தொகுப்பாளர் என்று இருக்கிறது. திரையில் இணைந்து வழங்குவோர் என்றுதானே போடுகிறீர்கள், நாங்கள் இணைத் தொகுப்பாளர்கள்தானே என்றேன். இணைக்கும் துணைக்கும் ஒரே எழுத்துதான் சார் வித்தியாசம், கையெழுத்துப் போடும்போது மேடம் கவனிச்சிருக்கணும் என்றார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. துணை என்றால் கூட இருப்பது என்று நீ நினைத்திருப்பாய். உன் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அவர்கள் அகராதியில் துணை என்றால் பாதி விலை. அப்படியானால் என் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று வீரமாகச் சொல்லிவிட்டேன். உடனே சரி என்று சொல்லிவிடுவாரோ என்று பயம் வந்துவிட்டது. அடுத்த வாக்கியத்திலேயே ஏதோ சொல்லிப் பூசி மெழுகிவிட்டு வெளியே வந்தேன்.

உன் அண்ணி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உனக்குத் தெரியும், அவள் கணக்கு டீச்சர். எங்க ஸ்கூல்ல ஆம்பிள டீச்சருக்கும் எனக்கும் ஒரே சம்பளம், உங்க ஆபீஸ்ல மட்டும் கணக்கு வேற மாதிரி வருமோ என்கிறாள். நான் என்னடி பண்ண முடியும் என்றேன். வாயைத் திறக்கலாம், அதுக்குத்தானே உங்களுக்கு அவ்வளவு சம்பளம் என்றாள். அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

அடுத்து எழுத வேண்டியதை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வளைத்தேன். போன வாரம் இயக்குநர் கூப்பிட்டார். காபி வரவழைத்தார். அவர் காபி வரவழைத்தால் ஏதோ காரியம் ஆக வேண்டும் என்று அர்த்தம். சம்பள வித்தியாசம் கேட்டு நிலையத்தின் மேல் நீ போட்ட வழக்கு விசாரணைக்கு வருகிறது, நிலையத்தின் பக்கம் நான் சாட்சி சொல்ல வேண்டும் என்றார். ஒரு தாளை நீட்டினார். அரசியல் நேர்காணல்கள் எல்லாம் என் பொறுப்பு, அதில் நீ எனக்கு உதவியாக இருந்தாய் என்று டைப் செய்து வைத்திருந்தது. உண்மை உனக்கும் எனக்கும் தெரியும். பெரிய நேர்காணல் ஒரு நாள் உனக்கு, ஒரு நாள் எனக்கு. உன் நாளில் வந்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்று தேதி மாற்றிக் கேட்ட அமைச்சர்களும் உண்டு. நான் தயங்கினேன். உங்க ஒப்பந்தம்கூட அடுத்த மாசம் புதுப்பிக்கணும் இல்ல என்று, சம்பந்தமே இல்லாதது போல, கேட்டார். வீட்டுக் கடன், பையன் காலேஜ், எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஆமாம், போட்டுவிட்டேன். காறித் துப்பத் தோன்றும். துப்பிவிட்டு மேலே படி. அண்ணிக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அதற்கப்புறம் உன் நாற்காலியில் ஒரு பெண்ணை உட்காரவைத்தார்கள். நல்ல பெண், கெட்டிக்காரி, உச்சரிப்பு சுத்தம். நேற்று வானிலை அறிக்கை போய்க்கொண்டிருந்தபோது என் பக்கம் சாய்ந்து, சார், உதவித் தொகுப்பாளர்னா தனியா ஏதாவது வேலை இருக்கா, நீங்க பண்றதத்தானே நானும் பண்றேன் என்று கேட்டது. துணைக்கும் கீழே இன்னொரு படி கட்டிவிட்டார்கள். உன்னைவிடவும் குறைத்துத்தான் கொடுத்திருப்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது, பல்லைக் காட்டிக்கொண்டு அடுத்த செய்திக்குப் போனேன். நிகழ்ச்சி முடிந்த பிறகும் அந்தப் பெண் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தது. அவசர வேலை இருப்பது போல நழுவிவிட்டேன். அப்போதிலிருந்து என்னை எனக்கே பிடிக்கவில்லை.

இப்போது உன்னிடம் ஓர் உதவி கேட்கப்போகிறேன். வெட்கங்கெட்ட உதவிதான். அந்தத் தாளை நானே போய்த் திரும்பக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இயக்குநர் முகத்துக்கு நேரே, இது பொய் சார் என்று சொல்ல நாக்கு எழாது. அடுத்தவர்களைக் கேள்வி கேட்டே வயிறு வளர்த்தவன் நான், பதில் சொல்லிப் பழக்கமில்லை. ஆனால் விசாரணையில் என்னைக் கூண்டில் ஏற்றுவார்கள், உன் வக்கீல் என்னைக் குறுக்கு விசாரணை செய்யலாம். கேட்டதற்குப் பதில் சொன்னேன் என்றால் பழியும் கொஞ்சம் குறையும் பார். இந்தச் சமயத்திலும் இப்படிக் கணக்குப் போடுகிறேன், என்ன ஜென்மமோ.

உன் வக்கீலிடம் சொல். எந்தெந்த நாள் யார் நேர்காணல் செய்தது என்று தேதி தேதியாக என்னிடம் கேட்கட்டும். நான் மழுப்புவேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். பொதுவாகப் பார்த்தால் என்பேன், அனுபவம் என்பேன், மக்களுக்குப் பழகிய முகம் என்பேன். தண்ணீர் வேண்டும் என்று கேட்டு நேரம் கடத்துவேன். தண்ணீரைக் கொடுத்துவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்கச் சொல். நான் பாவம் என்று விட்டுவிடப் போகிறார், வக்கீல்களுக்கும் என் முகம் பழகிய முகம்தானே. நீ முன்வரிசையிலேயே உட்கார். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டாலும் பார்த்துக்கொண்டே இரு.

உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கு நல்லது நடக்கும், நடக்க வேண்டும். மூன்றாவது தடவை கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். சொல்லாவிட்டால், நாலாவது தடவையும் கேட்கச் சொல்லம்மா.

இப்படிக்கு,
இன்னும் அப்படிக் கூப்பிட உனக்கு மனம் வருமானால்,
உன் அண்ணன்.