மதியத் தூக்கத்தில் காணாமல் போன கல்லூரி

என்கார்னாசியோன், பராகுவே

அன்புள்ள அம்மாவுக்கு,

கைகூப்பி உன் ஆசி கேட்கிறேன். முழங்கால் வலி தேவலையா?

இங்கே ஒரு வேடிக்கை. இணையதளம் பாதுகாப்பானது என்று காட்டும் டிஜிட்டல் சான்றிதழைக் கல்லூரிகளுக்கு மலிவாகத் தருகிறார்கள் என்று, நான் வேலை பார்க்கும் கல்லூரிக்காக விண்ணப்பித்தேன். கல்லூரி நிஜமாகவே இருக்கிறதா என்று கேட்க வெளிநாட்டிலிருந்து போன் செய்தார்கள், நம் மதியத் தூக்க நேரத்தில்! காவலாளி எலாடியோ எடுத்து, "இப்ப இங்க காலேஜும் இல்ல, ஒண்ணும் இல்ல. மூணு மணிக்கு மேல கூப்பிடு" என்று வைத்துவிட்டார். விண்ணப்பம் தள்ளுபடியானது. சேர்க்கை வாரம் முழுக்க எங்கள் தளத்தைக் கணினிகள் 'ஆபத்து' என்று காட்ட, மாணவர்கள் மிரண்டார்கள்.

மறுபடி விண்ணப்பித்து, போனை நானே எடுத்தேன். "ஆமாங்க, இருக்கோம்" என்றேன். சான்றிதழ் வந்தது, கணினிகளெல்லாம் நம்பிவிட்டன! அதற்கு ஒரு குரல் போதுமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

குளிர்ந்த தெரெரே பானத்தில் போட நம் தோட்டத்துப் புதினா அனுப்பு. கொஞ்சம் போதும், தனியாகத்தான் குடிக்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பஸ் ஹாரன் அடிக்கிறது. ஞாயிறு மதியம் கூப்பிடுவேன். தூங்கினாலும் எடுத்து, "வீடு இருக்குடி" என்று மட்டும் சொல்.

நின்ஃபா