கிரேக்க கேசட்டில் அண்ணனின் குரல்

என் செல்ல அண்ணா,

நீ போன பிறகும் உன் பெயருக்குத் தபால் வந்துகொண்டுதான் இருக்கிறது. போன வாரம் கிரீஸிலிருந்து ஒரு சின்னப் பார்சல். மதினியோடு கொஞ்ச நாள் இருக்கலாம் என்று ஜெர்சி சிட்டியிலிருந்து நான் பிளசன்டனில் உன் வீட்டுக்கு வந்திருந்த நேரம். நான்தான் பிரித்தேன். உள்ளே ஒரு கேசட்.

பெரிய கம்பெனிகள் சீண்டாத கிரேக்க ஹெவி மெட்டல் இசைக்குழுக்களிடம் குழுவுக்கொரு பாட்டு வாங்கி, யாரோ வீட்டிலேயே பதிவு செய்து, கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்பும் தொகுப்பு. உன் கராஜ் அலமாரி முழுக்க அதுதானே? கிரேக்கத்தில் ஒரு வார்த்தை தெரியாத உனக்கு அதில் என்ன கிடைத்தது? ஒருமுறை கேட்டதற்கு, "புரியாம இருக்கறதுதாம்மா நிம்மதி" என்றாய். எதிலிருந்து நிம்மதி?

அட்டையைத் திருப்பிப் பார்த்த உன் மகள் சாரா கத்தினாள். "மாமி, லுக்! வாப்பா நேம்!" கடைசிப் பாட்டைப் பாடியவர் என்று உன் பெயர் இருந்தது.

கராஜுக்குப் போய் உன் டேப் ரெக்கார்டரில் போட்டோம். கிடாரும் டிரம்ஸும் முட்டி மோதிக்கொண்டு வர, நடுவில் ஓர் உறுமல். தொண்டையைக் கிழித்துக்கொண்டு வரும், ஒரு சொல்லும் பிடிபடாத குரல். யாரிடமும் அதிர்ந்து பேசாத என் அண்ணனா இது?

மதினி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கல்யாணம் ஆனதுல இருந்து என்கிட்ட ஒரு சத்தம் போட்டதில்ல. இவ்ளோ கோவத்த எங்க வச்சிருந்தாங்க? என் மேலயா?"

"நோ, உம்மா. ஹி சவுண்ட்ஸ் ஸோ ஹேப்பி!" என்றாள் சாரா.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு இரண்டும்தான் கேட்டது.

பாட்டு முடிந்தும் டேப் ஓடியது. ஓர் இருமல். பிறகு உன் வழக்கமான குரல், தமிழில்: "சரியா வந்துச்சா?" கூடவே சின்னச் சிரிப்பு.

மதினி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். "அங்க மட்டும் இன்னொரு தடவ போடு." சாராவுக்கோ உறுமல்தான் வேண்டுமாம். இரண்டு பேருக்குமாக மாற்றி மாற்றி ரீவைண்ட் பண்ணிக்கொண்டிருந்தேன். யாரைக் கேட்டாய், அண்ணா? இங்கேதான் பாடிப் பதிவு செய்து அனுப்பியிருப்பாய்; அப்போது இந்தக் கராஜில் உன்னோடு யார் இருந்தார்கள்?

அனுப்பியவர் பெயர் நிக்கோஸ். நீ இறந்தது அவருக்குத் தெரியாது. பார்சலோடு வைத்திருந்த கடிதத்தில் அடுத்த தொகுப்புக்கும் ஒரு பாட்டு கேட்டிருக்கிறார்.

இன்று அவருக்கு எழுதப்போகிறேன். நீ இல்லை என்று சொல்லவேண்டும். என்ன பாடினாய் என்றும் கேட்கவேண்டும். "எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லிடு" என்கிறார் மதினி. எனக்குத்தான் பயமாக இருக்கிறது. கோபம்தான் என்று பதில் வந்தாலும் ஒரு சொல் மாற்றாமல் சொல்வேன். சொல்லிவிட்டு உடனே பிளைட் ஏறமாட்டேன், மதினி பக்கத்திலேயே இருப்பேன். இது சத்தியம்.

உன்னை இப்போதுதான் தெரிந்துகொள்ளத் தொடங்கியிருக்கும்
உன் தங்கச்சி