ரோஸ்லின் இறங்காத மலை

மே 8, வெள்ளி

காலையிலிருந்து தூறல். மேலறைக் கம்பளிகள் காயவே இல்லை. அடுப்படிக் கொடியில் மாற்றிப் போட்டேன், இப்போது புகை வாசம் அடிக்கிறது. வாங்க வேண்டியவை: பால், முட்டை, பீன்ஸ், மெழுகுவத்தி, நிவேதாவுக்கு ஏதாவது பிஸ்கட்.

மதியத்துக்கு மேல் வந்து சேர்ந்தார்கள். இவருடைய தங்கை ரோஸ்லின், அவள் கணவர் அருள், மகள் நிவேதா. திருப்பூரிலிருந்து சொந்தக் காரில். வத்தலக்குண்டு தாண்டியதிலிருந்தே வண்டி வரிசையாம். நிவேதா வளைவுக்கு வளைவு வாந்தி. மூன்றாம் வகுப்பு முடித்திருக்கிறாள், முன்பல் இரண்டும் இல்லை.

ஒவ்வொரு மே மாதமும் யாராவது சொந்தக்காரர் வருவார்கள், இதே கதை. பள்ளி விடுமுறை விட்டதும் டீச்சர் வேலை போய் எனக்கு கைடு வேலை. ஏரி, பூங்கா, தூண் பாறை, பைன் காடு, மறுபடி ஏரி. இவருக்கோ ஜீப் ஓட்டுகிற தொழில். சீசனில் சவாரியை விட்டுவிட்டு வந்தவர்களைச் சுற்றிக் காட்டுவதில் ஒரு பெருமை. எனக்கு மூச்சு முட்டுகிறது. சொன்னால் சண்டை.

அருள் அண்ணனைக் குறை சொல்ல முடியாது. எனக்கு ஸ்வெட்டர், இவருக்கு டி-ஷர்ட் என்று பை நிறையக் கொண்டுவந்திருக்கிறார். "தங்கச்சி, நாங்க இருக்குற வரைக்கும் நீங்க அடுப்படிப் பக்கமே போகக் கூடாது. எல்லாம் ஹோட்டல்தான்." சிரித்த முகம். நாலு நாளைக்கும் திட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

டீ போட்டேன். "சீனி போடவா ரோஸ்லின்?" என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முன் பாயசம் மாதிரி டீ குடிப்பவள். "அவளுக்குச் சீனி வேணாம்" என்றார் அருள். அவள் தலையாட்டினாள். ஒருவேளை டாக்டர் சொல்லியிருப்பார்.

இளைத்திருக்கிறாள்.

மே 9, சனி

வெயில், திடீர் திடீரென்று மூட்டம். ஏரிக்குப் போகிற வழியில் பாதி நாள் போயிற்று. முன்னால் ஒரு டூரிஸ்ட் பஸ், பின்னால் ஒரு டூரிஸ்ட் பஸ். பக்கத்துக் காரில் ஒரு பெண் போனில்: "ஆமாடி, கொடைக்கானல்லதான் இருக்கேன். வந்ததுலேர்ந்து ஒரு பஸ்ஸோட முதுகைத்தான் பாத்துட்டு இருக்கேன்." ஜீப்பில் எல்லோரும் சிரித்தோம். ரோஸ்லின் அருளைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

படகு. நால்வர் மிதிக்கும் படகில் நான், ரோஸ்லின், அருள், குழந்தை. இவர் கரையில். ரோஸ்லின் தண்ணீரில் கையை விட்டாள். "கையை உள்ள வை" என்றார் அருள், மெதுவாகத்தான். ஈரக் கையை மடியில் வைத்துக்கொண்டு கரை வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

போட்டோ அனுப்ப அவள் நம்பர் கேட்டேன். அருள்தான் பதில் சொன்னார்: "என் நம்பருக்கே அனுப்புங்க தங்கச்சி. எங்களுக்கு எல்லாம் ஒரே போன்தான்." இவர் அதைக் கேட்டு, "பாத்தியா, எவ்வளவு ஒத்துமை" என்று என்னிடம் கண்ணைக் காட்டினார்.

பெண்கள் கழிவறை வரிசையில் அவளோடு தனியாக நிற்கலாம் என்று நினைத்தேன். அருள் பக்கத்திலேயே நின்றார், பையைப் பிடித்துக்கொண்டு. பின்னால் நின்ற அம்மாள் தன் மகளிடம், "இப்பிடி ஒருத்தர் உனக்கும் அமையணும்" என்றார்.

மிளகாய் பஜ்ஜி, சோளம், சாக்லேட். வயிறு சரியில்லை.

மே 10, ஞாயிறு

காலைப் பூசை. அருள் அண்ணன் நல்லாப் பாடுகிறார். ஃபாதர் கூடத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு கோக்கர்ஸ் வாக் நடைபாதை. டிக்கெட் வாங்கி உள்ளே போனதும் பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளை. கம்பிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. எதிரே வருகிறவர்களின் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது. இவரும் அருளும் குழந்தையும் முன்னால். நாலு எட்டு தள்ளி நாங்கள்.

மூட்டம் அடர்ந்து அவர்கள் மறைந்த சமயம் ரோஸ்லின் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மதினி, நான் திரும்பிப் போகலை."

"எங்க?"

"வீட்டுக்கு. அவர்கூட."

"ஏன், என்ன ஆச்சு?"

அதற்குள் காற்று வந்துவிட்டது. ஒரே வீச்சில் மூட்டம் விலகி, கீழே மலை மடிப்பெல்லாம் வெளிச்சம். ஜனங்கள் கூவினார்கள். அருள் திரும்பி, "வா, வா, போட்டோ!" என்றார். ரோஸ்லின் என் கையை விட்டுவிட்டுப் போய் நின்று சிரித்தாள். அந்தப் படம் என் போனில் இருக்கிறது. யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

வீட்டுக்கு வந்து பேசலாம் என்றால் முடியவில்லை. நாங்கள் அடுப்படியில் என்றால் அருளும் அடுப்படியில். ஸ்டூலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக் கொடுத்தார்.

சாயங்காலம் ஜீப்புக்கு டீசல் போடப் போனபோது நானும் ஏறிக்கொண்டு இவரிடம் சொன்னேன். வண்டியை ஓரம் கட்டினார்.

"உங்கிட்ட அப்பிடியா சொன்னா?"

"ஆமா."

"மாப்ள குடிக்காரா? அடிக்காரா? வேற பொம்பளை சோலி ஏதும் இருக்கா?"

"தெரியல."

"அப்புறம் என்ன? ஏதோ சின்னச் சண்டையா இருக்கும். புருசன் பொண்டாட்டிக்குள்ள நாம போயி நிக்கக் கூடாது." திரும்ப வண்டியை எடுத்தார். அம்மா அப்பா இல்லாத வீட்டில் தங்கைக்கு இந்த மாப்பிள்ளையைத் தேடிக் கட்டிவைத்தது இவர்தான். அதனால்தான் கேட்க மனமில்லை.

மே 11, திங்கள்

குளிர். பைன் காடு. மரத்துக்கு ஒரு குடும்பம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. குதிரைக்காரர் ஒருவர் நிவேதாவிடம், "வா பாப்பா, இது சாதுக் குதிரை, உன்னைய மாதிரியே பல்லு போனது" என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ரோஸ்லின் மெல்ல விலகி மரங்களுக்கு நடுவே நடந்து போனாள். தூரம் ஒன்றும் இல்லை, கண் பார்வையில்தான். நிமிர்ந்து உச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அருள் கூப்பிடவில்லை. இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில். நீளமானது.

ரோஸ்லின் ஓடி வந்தாள். நடந்து அல்ல, ஓடி. சருகில் வழுக்கி முழங்கால் மண்ணில் பட்டது, எழுந்து மறுபடி ஓடி வந்தாள். "கூட்டத்துல தொலஞ்சிரக் கூடாதுல்ல, அதான் எங்க சிக்னல்" என்று அருள் எங்களிடம் விளக்கினார்.

நிவேதா இவருடைய விரலைப் பிடித்துக்கொண்டு நின்றவள், "அது அம்மா விசில் மாமா. எனக்கு வேற விசில். சின்னது" என்றாள்.

இவர் ரோஸ்லினின் முழங்காலைப் பார்த்தார். அப்புறம் தூண் பாறைக்குப் போனோம். பார்வையாளர்களுக்கு இவர் வழக்கமாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு, இன்று அதைச் சொல்லவில்லை. திரும்பும் வழியெல்லாம் அருள் மட்டும் பாட்டுப் போட்டி நடத்தினார்.

இப்போது பெருமழை. கரண்ட் இல்லை.

மே 12, செவ்வாய்

மழை விடவில்லை. இன்று அவர்கள் கிளம்ப வேண்டிய நாள். மலைப் பாதையில் மரம் விழுந்து மண்ணும் சரிந்துவிட்டதாம். கீழே இறங்க வழியில்லை. "வெள்ளனே கிளம்பியிருந்தா தப்பிச்சிருப்போம்" என்று அருள் பத்துத் தடவை சொல்லிவிட்டார். அவருடைய திட்டம் கெட்டுப் போனதில் முதல் தடவையாகச் சிரிப்பு இல்லை.

ஆறு அறை வீடானாலும் இன்று தீப்பெட்டி. சன்னலெல்லாம் ஆவி படிந்து வெளியே தெரியவில்லை. லூடோ ஆடினோம். ரோஸ்லினின் காயை அருளே நகர்த்தினார்.

சாப்பாட்டுக்குப் பிறகு இவர், "மாப்ள, வாங்க, ரோட்டுல மரத்தை எடுத்துட்டாங்களான்னு ஒரு எட்டுப் பாத்துட்டு வருவோம்" என்றார். அருள், "இவளையும் கூட்டிக்குவோம்" என்றார். "மழையில பொம்பளையாள் எதுக்கு?" என்று கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்போதுதான் புரிந்தது.

நிவேதா மேலே தூக்கம். ரோஸ்லின் அழவில்லை. தரையைப் பார்த்து ஒப்பிப்பது போலச் சொன்னாள்.

"அடிக்க மாட்டாரு மதினி. ஒரு நாளும் கை வச்சதில்ல. அதான் யாருகிட்ட என்னன்னு சொல்ல?"

மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். கடைக்கு வருகிறவர்கள் அவளைப் பார்க்கிறார்கள் என்று நிறுத்தினார். பிறகு போன். பிறகு பக்கத்து வீட்டு அக்காவோடு பேச்சு. இப்போது அவர் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போகிறார். திருட்டுப் பயமாம். சாயங்காலம் நிவேதா பள்ளியிலிருந்து வந்தால் அவர் வந்து திறக்கும்வரை படியில் உட்கார்ந்திருப்பாள். தாயும் மகளும் சன்னல் வழியாகப் பேசிக்கொள்வார்களாம்.

"பழகிருச்சு மதினி. ஆனா போன மாசம் அடுத்த ரூம்லேர்ந்து விசில் அடிச்சாரு. எனக்குத்தான் அடிச்சாரு. நான் எந்திரிக்கிறதுக்குள்ள பாப்பா ஓடிட்டா. பாடத்தை அப்பிடியே போட்டுட்டு. அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன்."

"மேலறை வருசம் முழுக்கக் காலியாத்தான் கெடக்கு" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

ஜீப் சத்தம் கேட்டதும் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

மே 13, புதன்

தூறல். வழி திறந்தாயிற்று என்று செய்தி. அருள் வெரசாக எழுந்து பெட்டிகளைக் காரில் ஏற்றினார். நிவேதா பின் சீட்டில் பிஸ்கட்டோடு. ரோஸ்லின் அடுப்படித் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கிளம்பு ரோஸ்."

"நான் வரலை."

சிரித்தார். "என்ன, ஊரு புடிச்சிருச்சா? அடுத்த வருசம் வரலாம்."

"இங்கதான் இருக்கப் போறேன்."

சிரிப்பு மாறாமல் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலைண்ணே" என்றேன். அவள் சார்பில் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வரவில்லை.

"சரி. நீ இரு. பாப்பா காத்துட்டு இருக்கா" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். ரோஸ்லின் எழுந்தாள், மடியிலிருந்த பீன்ஸ் எல்லாம் தரையில். இருவரும் பின்னால் ஓடினோம்.

எங்கள் சந்தில் ஒரு வண்டி போனால் இன்னொரு வண்டி போகாது. காருக்கு முன்னால் ஜீப் குறுக்கே நின்றது. இவர் வாளியும் துணியுமாக அதைக் கழுவிக்கொண்டிருந்தார். தூறலில்.

"மச்சான், வண்டியை எடுங்க."

"கழுவிட்டு இருக்கேன் மாப்ள."

"அப்புறம் கழுவலாம்."

"அப்புறம்னா காஞ்சிரும்."

அருள் காரில் ஏறி ஹாரனை அழுத்தினார், விடவே இல்லை. பக்கத்துத் தங்கும் விடுதியிலிருந்து வெளிநாட்டுப் பையன்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். இவர் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டே, "தங்கச்சி வரலைங்குது. பிள்ளை அவகூடத்தான் இருக்கும். பெரியவங்கள வச்சுப் பேசுவோம். அதுவரைக்கும் கோவிச்சுக்காதீங்க" என்றார். குரல் உயரவில்லை. துடைத்த சக்கரத்தையே திரும்பத் துடைத்தார்.

பின் கதவு திறந்தது. நிவேதா.

"அம்மா வரலையாப்பா?"

"அம்மா பின்னால வருவா. கதவைச் சாத்து."

"அப்ப நானும் பின்னாலயே வர்றேன்."

இறங்கி நேராக வந்து ரோஸ்லினின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

அருள் குழந்தையின் பையை எடுத்து மதில் மேல் வைத்தார். நேராக நிமிர்த்தி, ஜிப்பெல்லாம் சரிபார்த்து வைத்தார். கத்தவில்லை. இவர் உடனே ஜீப்பை நகர்த்தினார். கார் போயிற்று.

அருள் மலை இறங்கவில்லை. டவுனில் அறை எடுத்திருப்பதாகச் சாயங்காலம் போன் வந்தது.

மே 14, வியாழன்

அடர்ந்த மூட்டம். காலையிலிருந்து போன் ஓயவில்லை. அருள். இவருடைய பெரியப்பா. ஃபாதர் ("ஞாயித்துக்கிழமை எல்லாரும் உக்காந்து பேசலாம்மா"). மறுபடி அருள். பெரியப்பா இவரிடம் சொன்னது எனக்கே கேட்டது: "உம் பொண்டாட்டி பேச்சைக் கேட்டு ஆடாதலே."

இவர் சவாரிக்குப் போகவில்லை. கதவைத் தாழ் போட்டுவிட்டு உள்ளேயே இருக்கிறார். இதுவரை அவள் மட்டும் பூட்டிய வீட்டில் இருந்தாள். இன்று எல்லோரும்.

நிவேதா கேட்டாள்: "அத்தை, இங்க எத்தனை நாள் டூர்?" தோசை ஊற்றிக் கொடுத்தேன்.

மேலறைக்குப் போனால் ரோஸ்லின் இல்லை. அடுப்படியில் இல்லை, பின்பக்கம் இல்லை. பின் கதவு திறந்து கிடக்கிறது. டவுனிலிருந்து அருள் வந்து அழைத்துப் போய்விட்டார் என்றே நினைத்தேன். செருப்பில்லாமல் பாதைவரை ஓடினேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தவள், அந்த விசில் நினைவுக்கு வர, கூப்பிடவில்லை. நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் ஒற்றையடிப் பாதையில் ஏறி வந்தாள். சேலை முழங்கால்வரை ஈரம். கணுக்காலில் ஒரு அட்டை.

"எங்கடி போன?"

"டால்பின் மூக்குப் பாறை வரைக்கும் மதினி. வழி கேட்டுக் கேட்டுப் போனேன்."

"இந்த மூட்டத்துலயா? என்ன தெரிஞ்சுச்சு?"

"ஒண்ணுமே தெரியல." உட்கார்ந்து அட்டையைப் பிடுங்கி எறிந்தாள். "ரொம்ப நேரம் நின்னேன்."

மதியம் வாசலில் கார் வந்து நின்றது. இவர் எழுந்தார். "நீ இரு அண்ணே, நான் பேசுறேன்" என்று ரோஸ்லின் தாழை விலக்கிக்கொண்டு வெளியே போனாள். நான் நிவேதாவோடு அடுப்படியில் இருந்து இதை எழுதுகிறேன். வெளியே அவர் குரல்தான் கேட்கிறது, நீளமாக, பொறுமையாக. நடுவில் அவள் குரல். "இல்ல." மறுபடி அவர். ரொம்ப நேரம். மறுபடி அவள்.

"இல்லங்க."