சிங்குக்கு அடியில்

மார்ச் 4, செவ்வாய்

பாத்திரம் கழுவும் மெஷினில் தண்ணீர் ஏறவில்லை. அறவே ஏறவில்லை என்றும் சொல்ல முடியாது. அடியில் இரண்டு டம்ளர் அளவுக்கு வந்து தேங்குகிறது. கொஞ்ச நேரம் முனகுகிறது. பிறகு சிவப்பு விளக்கு கண்சிமிட்ட ஆரம்பித்துவிடுகிறது. சிங்க் குழாயைத் திறந்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. ஆகவே கோளாறு மெஷினில்தான்.

மனைவி ஊருக்குப் போய் ஆறு நாள். ஆறு நாள் எச்சில் பாத்திரத்தையும் சேர்த்து இன்றுதான் முதல் தடவையாகப் போட்டேன். தங்கைக்கு ஆபரேஷன், கூட இருக்க ஆள் வேண்டும், ரெண்டு வாரத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கு முந்தின வாரம் முழுக்க நாங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

வருவாளா? என்ன கேள்வி இது. வராமல் எங்கே போவாள்.

மார்ச் 5, புதன்

இருபத்திரண்டு வருஷமாக லிப்ட் பரிசோதகன். கோளாறு என்றால் படிப்படியாகத்தான் போகத் தெரியும். இன்று அடித்தட்டில் குடை மாதிரி இருக்கும் மிதவையைக் கழற்றினேன். அது மேலே சிக்கிக்கொண்டால் தண்ணீர் நிறைந்துவிட்டதென்று மெஷின் ஏமாந்துபோகுமாம். சிக்கவில்லை. துடைத்து மாட்டினேன். மறுபடி இரண்டு டம்ளர், முனகல், சிவப்பு விளக்கு.

மார்ச் 6, வியாழன்

அவளுக்கு போன் செய்தேன். தங்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "பரவால்ல" என்றாள். அதற்குமேல் என்ன பேசுவதென்று தெரியாமல், "மெஷின்ல தண்ணி ஏறல" என்றேன்.

"மெஷின்லயா?" என்று திருப்பிக் கேட்டாள்.

"மெக்கானிக்கைக் கூப்பிடுங்க" என்றாள்.

"நானே பார்த்துக்கிறேன்."

"உங்க இஷ்டம்."

வைத்துவிட்டாள். சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை.

மார்ச் 8, சனி

மெஷினை வெளியே இழுத்தேன். இடுப்பு போச்சு. பின்னால் தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு சின்னச் சல்லடை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தேன், தூசு இல்லை. கழற்றிய ஹோஸின் வாயை வாளிக்குள் பிடித்தேன். நூல் மாதிரி ஒழுகியது. ஆக, ஹோஸுக்குள்ளேதான் அடைப்பு. கண்டுபிடித்துவிட்டேன்! சொல்லிக்கொள்ளத்தான் வீட்டில் ஆளில்லை.

மார்ச் 9, ஞாயிறு

புது ஹோஸ் வாங்க மூன்று கடை ஏறி இறங்கினேன். அளவு கிடைக்கவில்லை.

மகள் போனில் வந்தாள். ஹோஸ் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். பாதியில் நிறுத்தினாள்.

"அப்பா, மெஷினை விடுங்க. அம்மாகிட்ட பேசினீங்களா?"

"பேசினேனே."

"என்ன பேசினீங்க?"

"மெஷினைப் பத்தித்தான்."

மார்ச் 11, செவ்வாய்

தோற்றுப்போய் மெக்கானிக்கை வரவழைத்தேன். மெஷின் பக்கம் அந்த ஆள் திரும்பக்கூட இல்லை. நேரே சிங்குக்கு அடியில் இருக்கும் அலமாரியைத் திறந்தார். அது அவளுடைய ராஜ்ஜியம். சோப்புத் தூள், பழைய துணி, காலி பாட்டில்கள். எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு உள்ளே கையை விட்டார்.

"சார், வால்வு மூடியிருக்கு."

அங்கே ஒரு வால்வு இருப்பதே எனக்குத் தெரியாது. லிப்ட் நின்றால் முதலில் மெயின் சுவிட்சைப் பார் என்று ஜூனியர்களிடம் தொண்டை கிழியக் கத்துகிறவன் நான்.

"உள்ள வாஷர் தேஞ்சிருக்கு, அதான் மூடியும் கொஞ்சம் கசியுது. மாத்திடுறேன். ஊருக்குக் கீருக்குப் போனீங்களா? வீட்டைப் பூட்டிட்டுப் போறவங்கதான் இப்படி மூடுவாங்க. ஆள் இருக்கிற வீட்ல யாரும் மூட மாட்டாங்களே."

இல்லை என்றேன். எங்கேயும் போகவில்லை.

அவர் போன பிறகு மெஷின் ஓடியது. தண்ணீர் திமுதிமுவென்று நிறைந்தது. அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாதம் வெளியூர் போய்த் திரும்பியபோது ஹோஸ் பிய்ந்து வீடு குளமாகக் கிடந்தது. அவள் துடைத்தாள். நான் நஷ்டப் பட்டியல் எழுதினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நீண்ட பயணத்தின்போதும் நான் காரில் ஏறி ஹாரன் அடிப்பேன். "ஒரு நிமிஷம்!" என்று கத்திவிட்டு அவள் அடுக்களைக்கு ஓடுவாள். என்ன செய்கிறாள் என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. இதைத்தான் செய்திருக்கிறாள்.

இந்தத் தடவை வீட்டில் நான் இருக்கிறேன். அப்படியும் மூடிவிட்டுப் போயிருக்கிறாள்.

மார்ச் 12, புதன்

இன்றோடு ரெண்டு வாரம். வரவில்லை.

மார்ச் 13, வியாழன்

நானே கூப்பிட்டேன். "வால்வு மூடியிருந்துச்சு" என்றேன்.

"தெரியும். நீங்க அன்னைக்கு மெஷின்னு சொன்னதுமே ஞாபகம் வந்துடுச்சு."

"வேணும்னே மூடினியா?"

"இல்லைங்க. கை தானா போய் மூடிருக்கு. மாசக்கணக்குல போனாத்தான் நான் மூடுவேன். நீங்க சொன்னப்புறம்தான் எனக்கே புரிஞ்சுது. நான் ரெண்டு வாரத்துக்குக் கிளம்பலைன்னு."

அழுதாளா, தெரியவில்லை. நான் அழுதேன். அடுக்களைச் சுவரைப் பார்த்துக்கொண்டு, சத்தம் வராமல்.

"நான் அங்க வரட்டுமா?"

"வந்தா வாங்க. கூட்டிட்டுப் போயிடலாம்னு நினைச்சுட்டு வராதீங்க."

மார்ச் 22, சனி

லீவு கிடைத்துவிட்டது. எத்தனை நாள் வேண்டும் என்று மேலதிகாரி கேட்டார். தெரியாது என்றேன். இப்படி ஒரு பதிலை அவர் என்னிடம் கேட்டதில்லை, பேயறைந்த மாதிரி பார்த்தார்.

பெட்டியைக் காரில் வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே வந்தேன். மண்டியிட்டு, சோப்புத் தூளையும் பாட்டில்களையும் ஒதுக்கி, கையை உள்ளே விட்டு வால்வை மூடினேன். புது வாஷர், கெட்டியாகத் திரும்பியது. மணிக்கட்டு சிங்க் குழாயில் இடித்துத் தோல் உரிந்தது. பாட்டில்களைத் திரும்ப அடுக்கி எழுந்திருக்க ஐந்து நிமிஷம் ஆனது. இவ்வளவு வேலையை அவள் ஒரு நிமிஷம் என்றுதான் எப்போதும் சொன்னாள்.

வெளியே கார் சும்மா நிற்கிறது. ஹாரன் அடிக்க யாருமில்லை. இதை எழுதி முடித்துவிட்டுக் கிளம்புகிறேன்.