புழுதிக்காரியின் உயரம்

டிசம்பர் 2, செவ்வாய்

சூளை இறக்கினோம். இந்த வருடத்தின் பன்னிரண்டாவது வீரப் பொம்மை வந்துவிட்டது. பெயர் புழுதிக்காரி. உருவம் செய்தது என் அக்கா மகள் மதிவதனி. அவளுடைய முதல் பொம்மை. சுட்டது நான். விருத்தாசலத்தில் என்னைப்போல் சூளை எரிக்க ஆள் கிடையாது. சென்னையிலிருந்து எட்டுப் பேர் வந்து என்னிடம் பாடம் கேட்டுப் போனார்கள். இரண்டு பேர்தான். எட்டு என்றே இருக்கட்டும், யார் வந்து எண்ணப்போகிறார்கள்.

பொம்மை அழகு. ஆனால் மற்ற பதினொன்றோடு நிறுத்தினால் அவர்கள் மோவாய்க்குத்தான் வருகிறாள்.

மதி என்னையே பார்த்தாள். "நம்ம மண்ணு சுருங்கவே சுருங்காதுன்னு நீங்கதான மாமா சொன்னீங்க."

சொன்னேன். பெருமைக்குச் சொன்னது. சுட்டால் களிமண் சுருங்கும் என்பது இந்த ஊரில் டீக்கடைக்காரனுக்குக்கூடத் தெரியும். அவள் கம்ப்யூட்டர் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள், நம்பி, சுருக்கத்துக்கென்று அளவைக் கூட்டாமல் செய்துவிட்டாள். வேறு பொம்மை செய்ய நேரமில்லை. இந்த வருடத்துப் பெட்டிகள் அச்சடித்து வந்தாகிவிட்டது.

டிசம்பர் 4, வியாழன்

நான் போன பிறகு இதை எடுத்துப் படிக்கிறவர்களுக்குப் புரியவேண்டும் என்று எழுதுகிறேன். இது நாயகர் ஆட்டம். கட்டம் போட்ட பலகை, சில பலகையில் குட்டிச் சுவர்த்துண்டுகள், விரல் உயர வீரர்கள், காலடியில் எண் வட்டு. அடி விழுந்தால் எண் இறங்கும், பூச்சியத்துக்கு வந்தால் வெளியே. விளையாடுகிறவர்கள் பிள்ளைகள் இல்லை. பேங்க்காரர், வாத்தியார், மருந்துக்கடைக்காரர். பீரோ நிறைய வாங்கி அடுக்கிவைத்திருக்கிறார்கள். பொங்கல் கழிந்த ஞாயிறு எல்லாரும் எங்கள் கம்பெனி மாடியில் கூடி, அந்த வருடப் பொம்மைகளில் எது முதல், எது கடைசி என்று வரிசை போடுவார்கள். கடைசிக்கு வந்ததன் அச்சை அங்கேயே சுத்தியலால் உடைப்பது வழக்கம். அப்புறம் அந்த வீரர் பிறக்கவே முடியாது.

முதலாளி மாணிக்கவேல் இன்று கூப்பிட்டுச் சொன்னார்: "கடைசியா வந்துச்சுன்னா அச்சும் போவும், உங்க அக்கா பொண்ணுக்கு வேலையும் இல்லீங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுக்கவில்லை. சோறு இறங்கவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

என் வரிசை, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும்:

முதலிடம் இடிக்கையன். ஒரே அடியில் மூன்று எண் இறக்குவான். இரண்டாவது பனிமூச்சு, எதிரியை ஒரு முறை அசையவிடாமல் நிறுத்துவாள், ஆனால் மூக்கில் மெருகு வழிந்து சளி பிடித்தவள் மாதிரி இருக்கிறாள். மூன்றாவது இரும்புச்சிறகன். போன மாதம் நான் அவனை வைத்து பேங்க்காரர் பிரவீன்குமாரை ஓட ஓட விரட்டினேன். (ஜெயித்தது அவர்தான்.) கடைசியில் மூன்று பேர் தேறாத கேஸ். அதில் புழுதிக்காரியும் ஒருத்தி. புழுதி கிளப்புவாள், எதிரி ஒரு கட்டம் தடுமாறி ஒரே ஒரு எண் இழப்பான், அவ்வளவுதான். குள்ளம் வேறு.

எவ்வளவு யோசித்தாலும் மேலே ஏற்ற வழி தெரியவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

அவளை வைத்து ஆடினேன். நாலாவது சுற்றில் செத்தாள். "ஏங்க, உங்க ஆளு எங்க? தேட பூதக்கண்ணாடி வேணும்போல" என்றார் பிரவீன்குமார். எல்லாரும் சிரித்தார்கள். மதி டீ தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு கீழே போய்விட்டாள்.

டிசம்பர் 21, ஞாயிறு

தோல்வி. இடுப்பு வலி.

டிசம்பர் 24, புதன்

மதி பேசுவதே இல்லை. வேலை முடிந்ததும் "போயிட்டு வரேன்"கூட இல்லாமல் போகிறாள். திட்டினாலாவது பரவாயில்லை. ஏன்டா அந்த வாயைத் தொறந்த? ஒரு வார்த்தை, சுருங்கும்னு சொல்லியிருந்தா என்ன கொறஞ்சி போயிருப்ப?

டிசம்பர் 28, ஞாயிறு

எழுதக் கை ஓடவில்லை, ஆனாலும் எழுதவேண்டும்.

காலையிலிருந்து மண் மூட்டை தூக்கியது. ஆட உட்கார்ந்தபோது குனிய முடியவில்லை. புழுதிக்காரியைக் கைக்கு எட்டின இடத்தில், சுவர்த்துண்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு மறந்தேன். என் மற்ற ஆட்கள் எல்லாம் போனார்கள். பிரவீன்குமார் நூலை எடுத்தார். எங்கள் ஆட்டத்தில் விதி அது: அடிக்கிறவன் கண்ணிலிருந்து எதிரி தலைக்கு நூல் பிடிக்கவேண்டும், நூல் சுவரில் தட்டினால் அடி கிடையாது. மற்ற எந்தப் பொம்மைக்கும் சுவருக்கு மேலே தலை தெரியும். இவளுக்குத் தெரியவில்லை. இந்தப் பக்கம் பிடித்தார், அந்தப் பக்கம் பிடித்தார். நூல் தட்டிக்கொண்டே இருந்தது. புழுதிக்கு நூல் வேண்டாம், அவள் உள்ளே நின்றபடி கிளப்பிக்கொண்டே இருந்தாள். அவருடைய கடைசி ஆள் இடிக்கையன், எண் எண்ணாக இறங்கி, தடுமாறியே செத்தான்.

"இது பலம் இல்லீங்க, பிழை" என்றார் பிரவீன்குமார்.

"நூல் தட்டுதா இல்லியா?" என்றார் மாணிக்கவேல்.

"தட்டுது."

"அப்பறம் என்ன?"

திட்டம் போட்டுத்தான் வைத்தேன் என்று சொன்னேன். ஆறு மாதமாக யோசித்த திட்டம் என்றேன். மதி மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. போகவும் இல்லை.

ஜனவரி 11, ஞாயிறு

இப்போது எல்லாரும் அவளை வைத்து ஆடிப் பார்க்கிறார்கள். சுவர் இல்லாத பலகையில் உடனே சாகிறாள். ஒன்றும் நிச்சயம் இல்லை.

ஜனவரி 18, ஞாயிறு

வரிசை போட்டார்கள். இடிக்கையன் முதல். புழுதிக்காரி ஏழு. சுத்தியல் இன்னொருவன் அச்சில் விழுந்தது. பாவம், அவன் கண்ணையும் யாரோ பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருப்பார்கள். சத்தம் கேட்டதும் மதி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்து என் மனைவி நீலாவதியிடம் முதலிடம் என்றேன்.

"மதி போன் பண்ணிட்டா. ஏழாவதாம். கைகால் கழுவிட்டு வந்து சாப்புடுங்க."

ஜனவரி 20, செவ்வாய்

உடம்பு அசதி. சூளைக்குப் போகவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

மதி அடுத்த வருடத்துக்கு முதல் பொம்மையைத் தொடங்கிவிட்டாள். மாணிக்கவேல் அவளுக்கு ஆறு பொம்மை செய்யக் கொடுத்திருக்கிறார். பன்னிரண்டு என்று ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்று மத்தியானம், மண் ஒட்டின கையோடு சூளைப் பக்கம் வந்தாள். "மாமா, நம்ம மண்ணு எவ்ளோ சுருங்கும்?"

வாயில் வந்தது நிறைய. ஜப்பான்காரன் ஒருவன் இதைக் கேட்டு என் காலில் விழுந்த கதை வந்தது. அதைச் சொல்லவில்லை. போன வாரமே பத்து அங்குலத்துக்கு ஒரு மண்பட்டை தட்டி, கோடு கிழித்து, சூளையில் போட்டு வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன்.

"பத்து வச்சா ஒம்பதுதான் வருது. அளந்து பாத்துட்டேன்."

அவள் ஸ்கேல் கொண்டுவந்து தானும் ஒரு முறை அளந்தாள். அளக்கட்டும். பட்டையின் இன்னொரு முனையை நான் பிடித்துக்கொண்டேன்.